ஏகமனதாக ஒரு பொன்னாடை

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் கைதட்டிவிட வேண்டும். யாருக்கு, எதற்கு என்று கேட்பது மரியாதையில்லை. ஒருமுறை தென்காசியில் ஒரு விழாவில் கரண்ட் போன நேரம் பார்த்து, விருந்தினர் என்று நினைத்து மைக் ஸ்டாண்டுக்கே போர்த்திவிட்டார்கள். கரண்ட் வந்ததும் எல்லோரும் பார்த்தோம். அப்போதும் தட்டினோம். போர்த்தியாகிவிட்டது, தட்டாமல் எப்படி இருப்பது?

இந்தப் பழக்கத்தை வைத்தே ஒரு சங்கம் ஒரு மைதானத்தை விழுங்கிவிடும் என்று யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னார்கள். நான்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

என் பெயர் மாடக்கண்ணு. ஊர் இலஞ்சி. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் பழக்கடை வைத்திருக்கிறேன். சாரல் விழுந்தால் மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் போகும். சாரல் ஏமாற்றிவிட்டால் நானும் வாழைத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரே மகள், அனுசியா. எங்கள் வட்டாரப் பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். ரைடு போனால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி அவசரமாகத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

அவளுக்குப் போலீஸ் ஆக வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கொடியில் காக்கி காய்கிறது, அதனால் இது ஒன்றும் பேராசை இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பதற்கு, மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். ஜூனியர் பிரிவில் ஆட அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். போட்டி ஆவணியில், நாகர்கோவிலில். பதிவான சங்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் அணி போக முடியும். எங்கள் வட்டாரத்துக்குப் பதிவான சங்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அதன் பெயர் திரிகூடம் சமூக விளையாட்டு நல அறக்கட்டளை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ரைடு முடிந்துவிடும் என்பதால் நாங்கள் சங்கம் என்போம். மைதானம் இலஞ்சியில் குற்றாலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு வீடு வரி போட்டு வாங்கிய இடம். கருவேல முள்ளை நாங்களே வெட்டி, மண் அடித்து, பிள்ளைகள் விளையாடட்டும் என்று செயலாளர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கையில் ஒப்படைத்தோம். அண்ணாச்சிக்கு வயல், தோப்பு, வெளுத்த வேட்டி எல்லாம் உண்டு. கோபமே வராது. கோபம் வராத ஆளிடம் ஊர்ச் சொத்தைக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

பொருளாளர் எபனேசர் சார், பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் தீர்மானம் போடுகிற முறையை ஏற்படுத்தியவர் அவர்தான். அவர் தீர்மானத்தை வாசிக்கிற அதே நேரத்தில் அண்ணாச்சி யாருக்காவது பொன்னாடை போர்த்துவார். நாங்கள் போர்த்தியதற்குத் தட்டுவோம். உடனே எபனேசர் சார் கண்ணாடியை இறக்கிவிட்டு, "பலத்த கரவொலியுடன் ஏகமனதாக நிறைவேறியது" என்று முடிப்பார். அதன் பிறகு பாதாம்பால் வரும்.

சித்திரையில் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சங்கத்தின் நிதி ஆரோக்கியம் கவலைக்கிடமாக இருக்கிறதாம். பணம் இல்லாததைப் பற்றிப் பேசுவதற்கு தென்காசியில் ஏசி மண்டபம் எடுத்திருந்தார்கள். குளிர் தாங்காமல் நான் தோள்துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மேடையில் டை கட்டிய ஒரு இளைஞர் நின்றார். பெயர் குற்றாலீஸ்வரன். சென்னையில் இருக்கிற நிதி ஆரோக்கிய ஆலோசகர். அண்ணாச்சியின் தங்கை மகன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள்.

"ரெண்டு மாசமா ஸ்டடி பண்ணேன்" என்றார் அவர். "வருமானம் பல இடத்துலேருந்து வருது. ஆனா செலவு எல்லாமே ஒரே இடத்துலதான் போய் நிக்குது." கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். திரையில் எங்கள் பிள்ளைகளின் படம் வந்தது. ஆளுக்கொரு அவித்த முட்டையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். என் மகள் நடுவில் நின்றாள்.

"இவங்கதான்" என்றார்.

என் பக்கத்தில் இருந்த பேச்சிராஜ் எழுந்தான். சிமெண்ட் கடைக்காரன், என் கூட்டாளி, வாயை அடக்கத் தெரியாதவன். "பிள்ளையள் இல்லாம என்னய்யா வெளையாட்டுச் சங்கம்?"

"ரொம்ப நல்ல கேள்வி சார்" என்று ஆலோசகர் சந்தோஷப்பட்டார். "பிள்ளைங்க இல்லன்னா சங்கம் எவ்வளவு ஆரோக்கியமா இருக்கும்ங்கறது அடுத்த படத்துல இருக்கு."

அடுத்த படத்தில் பச்சைக்கோடு ஒன்று ஏறி, திரையைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் வரைக்கும் போனது. அண்ணாச்சி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். எபனேசர் சார் ஏதோ வாசித்தார். நாங்கள் தட்டினோம். பேச்சிராஜும் தட்டினான். மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு முட்டையும் சுண்டலும் நின்றுபோயின.

வைகாசியில் கபடி மேட்டுக்கு ஆபத்து வந்தது. பிள்ளைகள் விழுந்தால் அடிபடாமல் இருக்க, நன்கொடை பிரித்து வாங்கிய விரிப்பு அது. ஒரு நாள் போனால் அதைச் சுருட்டிக் கட்டி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எப்சிபா டீச்சருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. டீச்சர் ஆய்க்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுப்பவர். நேரே எபனேசர் சாரிடம் போனார். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார்.

"டீச்சர், மேட்டு சங்கத்தோட சொத்து" என்றார் எபனேசர் சார், சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "பிள்ளையள் மிதிக்க மிதிக்க அதோட மதிப்பு கொறையுது. மிதிக்காம வச்சா அப்படியே நிக்கும்லா?"

"மிதிக்கதுக்குத்தான சார் வாங்குனது?"

"வாங்குனது வரைக்கும் சரி."

டீச்சர் விடவில்லை. குழுவில் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் பதிவு போட்டார். அடுத்த கூட்டத்தில் அவருக்கே 'சிறந்த பயிற்சியாளர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். பரவாயில்லையே, திருந்திவிட்டார்கள் என்று நான் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். மறுநாள் மைதானத்து கேட்டில் வேறு பூட்டு தொங்கியது. டீச்சருக்குக் கௌரவ ஓய்வு கொடுத்து அனுப்ப ஏகமனதாக முடிவாகியிருந்தது.

அன்றைக்கு டீச்சர் என் கடைக்கு வந்தார். முகம் செத்துக்கிடந்தது.

"மாடக்கண்ணு அண்ணாச்சி, எனக்குப் போத்தும்போதே என்னைய வெளிய அனுப்பியாச்சு. நான் கும்புட்டுக்கிட்டு சிரிச்சுட்டு நிக்கேன். நல்லா கேட்டுக்கிடுங்க, ஒங்களுக்குப் போத்த வந்தாவன்னா எறங்கி ஓடிருங்க."

"பழக்காரனுக்கு எவன் டீச்சர் போத்தப்போறான்?" என்று சிரித்தேன். நாலு மாம்பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

பூட்டு மாற்றியதும் பிள்ளைகள் அறுப்பு முடிந்த வயலில் ஆடினார்கள். டீச்சர் வரப்பில் நின்று விசில் ஊதுவார். முழங்கையெல்லாம் தோல் உரிந்து அனுசியா வீட்டுக்கு வருவாள். என் பொண்டாட்டி மஞ்சள் பத்துப் போட்டுவிட்டுச் சங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டுவாள். அப்படி விளையாடியும் ஆனியில் மாவட்டப் போட்டியில் ஜெயித்தார்கள். மாநிலத்துக்குத் தகுதி வந்துவிட்டது. சங்கம் உடனே தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தது. அதில் அண்ணாச்சி ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகள் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தார்கள். அனுசியா குனிந்து தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள்.

ஆடியில் சாரல் நல்ல சாரல். கேரளா வண்டியும் மதுரை வண்டியும் ரோடு நிறைந்து நின்றன. குற்றாலத்தில் அந்த மாதத்தில் வீட்டு முற்றம் வைத்திருப்பவன்கூட 'பார்க்கிங் உண்டு' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிடுவான். சங்கத்திடம் இருந்தது முழு மைதானம். கேட்டைத் திறந்துவிட்டார்கள். வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆள் போட்டால் நிதி ஆரோக்கியம் கெடும் என்பதால் கபடி அணியைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பேசினார்.

"ஏட்டி பிள்ளையளா, கபடின்னா என்னது? வாரவன வழிமறிக்கணும். மாட்டிக்கிட்டா வழுக்கி வெளிய வரணும். காரும் அதேதான். இதுவும் பயிற்சிதான்னு வச்சுக்கிடுங்க. சங்கம் பிள்ளையளக் காப்பாத்துதது எல்லா ஊர்லயும் நடக்கதுதான். பிள்ளையள் சங்கத்தக் காப்பாத்துதது நம்ம ஊர்லதான்."

நாகர்கோவிலுக்குப் போகப் பணம் சேருகிறது என்று நம்பி, பிள்ளைகள் சாரலில் நனைந்துகொண்டு விசில் ஊதினார்கள். ஒரு நாள் பின்பக்கமாக வந்த வேன் ஒன்று அனுசியா பாதத்தில் ஏறப் பார்த்தது. ஒரே தாவாகத் தாவித் தப்பினாள். குடைக்குள் நின்ற அண்ணாச்சி, "பாத்தியா, பயிற்சி!" என்றார்.

சங்கம் தேறிவிட்டது. குழுவில் பச்சைக்கோடு நாளுக்கு நாள் ஏறியது. ஆனால் மாநிலப் போட்டிக்குப் பதிவு போடக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. சங்கத்தில் பதிவைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் நல்ல ரம்புட்டானாக ஒரு கூடை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, சீசன்ல நல்லா வந்துருக்கே. பிள்ளையளுக்குப் பதிவு போட்டுட்டா…"

"மாடக்கண்ணு, சங்கம் இப்பத்தான் படுக்கையில இருந்து எந்திரிச்சு ஒக்காந்துருக்கு. அதப் போயி நாகர்கோயிலுக்கு ஓடச் சொல்லுதீரே."

"சங்கம் எதுக்கு அண்ணாச்சி ஓடணும்? பிள்ளையள் ஓடும். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. பஸ்ஸு செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் நாங்க பெத்தவங்க பாத்துக்கிடுதோம்."

அண்ணாச்சி ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"ச்சே, நீரு செலவழிக்கதா? நாலு பேரு சங்கத்தப் பத்தி என்ன நெனைப்பான்? ஞாயித்துக்கெழம கூட்டத்துல பிள்ளையள் விஷயத்த முடிச்சுருவோம். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாரும். நல்ல சட்டையா போட்டுட்டு வாரும்."

நான் தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தேன். பொண்டாட்டி பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்தாள். அனுசியா அணிப் பிள்ளைகள் எல்லோருக்கும் போன் போட்டு, ஜெர்சியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஏசி மண்டபம். முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கேற்றி முடித்ததும் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். 'கபடிக் கண்மணியைப் பெற்ற கண்ணியத் தந்தை' என்று எனக்கு விருதாம். எப்சிபா டீச்சர் சொன்னது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பழக்கடைக்காரனை மேடைக்குக் கூப்பிட்டால் அவன் தன் காலை மட்டும்தான் பார்த்து நடப்பான், தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று.

அண்ணாச்சி போர்த்தியது பெரிய பொன்னாடை. தலையோடு காதையும் மூடிக்கொண்டு வந்தது. எபனேசர் சார் பக்கத்தில் நின்று வாசிப்பது மூன்று சொற்களாக என் காதில் விழுந்தது. மாநிலம், அணி, மைதானம். மூன்றும் நல்ல சொற்கள்தானே என்று நான் கும்பிட்டேன். கீழே பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலில் தட்டியவள் அனுசியா. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலும் அடித்தாள். "எங்கப்பா! எங்கப்பா!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்டபமே தட்டியது.

"பலத்த கரவொலியுடன் ஏகமனதாக நிறைவேறியது" என்றார் எபனேசர் சார்.

பேச்சிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே ஓடிவந்தான். "வே மாடக்கண்ணு! அங்கன என்ன வாசிச்சாருன்னு கேட்டீரா வே?"

எபனேசர் சாரிடம் மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக வாசித்தார். சங்கத்தின் நிதி ஆரோக்கியத்தைப் பேணும் பொருட்டு மாநிலப் போட்டிக்கு அணியை அனுப்புவதில்லை. அணி போகாததால் அணி தேவையில்லை. அணி இல்லாததால் மைதானம் தேவையில்லை. தேவைப்படாத மைதானத்தை ஐந்து ஆண்டுகளுக்கு வாகன நிறுத்தமாகக் குத்தகைக்கு விடுவது. ஏற்கெனவே சங்கத்தின் உடல்நிலையை அறிந்தவர் என்ற முறையில் குத்தகையைத் திரு. குற்றாலீஸ்வரன் அவர்களுக்கே வழங்குவது.

"இதுக்கு நாங்க எங்க சார் ஒத்துக்கிட்டோம்?"

"தட்டுனியளே."

"எனக்குப் போத்துனதுக்குத் தட்டுனாவ!"

"எந்தத் தட்டு எதுக்குன்னு பிரிச்சுப் பாக்க சங்கத்துல ஆள் கெடையாது மாடக்கண்ணு. ஆள் போட்டா அதுக்கும் செலவாகும்."

அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "வீடியோ எடுத்துருக்கோம் வே. மொத ஆளா தட்டுதது உம்ம மகதான். விசில் வேற அடிக்கா. அவளுக்கே சம்மதம்ங்கும்போது நீரு ஏன் கெடந்து துடிக்கீரு?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. பாவிகளா, என் பிள்ளையின் கையைக் கொண்டே என் பிள்ளையின் கண்ணைக் குத்திவிட்டீர்களே என்று கத்தினேன். மைக்கை அணைத்துவிட்டதால் என் கத்தல் முன்வரிசையைத் தாண்டவில்லை. பொன்னாடையைப் பிய்த்து அண்ணாச்சி மேல் எறிந்தேன். அது போய் நேராக அவர் தோளில் விழுந்தது. செயலாளருக்கு நான் பதில் மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் மறுபடி தட்டியது. எபனேசர் சார் சட்டென்று இன்னொரு தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். செயலாளரின் பதவிக்காலத்தை நீட்டிக்கிற தீர்மானமாம் அது.

வீட்டுக்குத் திரும்பும்போது அனுசியா வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் திரும்பும்போது, "எப்பா, மொதல்ல தட்டுனது நான்தான்" என்றாள்.

"நீ எனக்குல்லா தாயி தட்டுன."

"ஆமா. அது அவியளுக்கும் தெரியும்லா."

அதன் பிறகு நான் ஏறாத ஆபீஸ் படி இல்லை. எங்கே போனாலும் அந்த வீடியோ எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதில் என் மகள் தட்டுவதைப் போட்டுக் காட்டி, "பிள்ளைக்கே சந்தோஷம்தானே அண்ணாச்சி?" என்று என்னிடமே கேட்டார்கள். பதிவுக்குக் கடைசி நாளும் போய்விட்டது. எப்சிபா டீச்சர் வேறு மாவட்டத்துச் சங்கங்களிடம் கெஞ்சிப் பார்த்தார். ஆட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஊர் வேறே என்று சொல்லிவிட்டார்கள்.

சுதந்திர தினத்தன்று சங்கத்திலிருந்து அனுசியாவுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. பொன் எழுத்து, அண்ணாச்சி கையெழுத்து. சீசன் காலத்தில் வாகனங்களை ஒழுங்குபடுத்தி அரிய சேவை ஆற்றியதற்காக. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"எப்பா, போலீசுக்கு இது ஆகுமா? டிராபிக்குக்காவது எடுப்பாவளா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவள் அம்மா உள்ளே இருந்து ஓடிவந்து அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். பெற்ற மகள் முன்னால் அழ வெட்கமாக இருந்தது.

ஆவணி பாதியில் ஒரு நாள், கடையில் அனுசியாவும் என்னோடு இருந்தாள். ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பெண் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே நிற டிராக் சூட் போட்டிருந்தார்கள். கழுத்தில் பதக்கம். நாகர்கோவிலில் ஆட்டம் முடித்துவிட்டு, அருவியில் குளிக்க வந்திருக்கிறார்கள். மங்குஸ்தான் விலை கேட்ட பிள்ளை, விலையைக் காதில் வாங்காமல் அனுசியா முகத்தையே பார்த்தாள்.

"ஏய், நீ தென்காசி அனுசியாதானே? போன வருஷம் எங்க ஊர் பொங்கல் மேட்ச்ல ஒரே ரைடுல எங்க மூணு பேரைத் தூக்குனியே!" அவள் மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன்னைப் பிடிக்கணும்னே எங்க கோச்சு தனியா பிராக்டிஸ் குடுத்தாங்க தெரியுமா? அங்க போயிப் பாத்தா லிஸ்ட்ல உங்க டீமே இல்ல. ஏன் வரல? உங்க சங்கத்துல காசு இல்லையா?"

அனுசியா கெட்டுப்போன பழம் கலந்துவிடாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தராசைப் பிடித்தபடி நின்றேன். திட்டட்டும், அழட்டும், எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகளிடமாவது கொட்டிவிடட்டும் என்று மனதுக்குள் வேண்டினேன்.

"காசெல்லாம் நெறைய இருக்கு" என்றாள் அவள், பையை நீட்டிக்கொண்டே. "சங்கம் ரொம்ப நல்லாருக்கு. டீம்தான் இல்ல."